மாந்தளிரும் முகப்பவுடரும்

அனந்தபுரத்தில் நாம் வளர்ந்த நாள்களில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சிறுவர் நாடகம் நடத்துவது வழக்கம். மரியாவாக நடிக்கச் சிவந்த மேனியுடைய சிறுமியைத்தான் தேடுவார்கள். வானதூதருக்கும் அதே இலக்கணம். கறுத்த பிள்ளைகளுக்கு இடையர் வேடம். அவர்களுள் உயரமானவனுக்கு மூன்று அரசர்களில் ஒருவராகும் பேறு வாய்க்கும். ஒருமுறை, வசனம் முழுவதையும் பிசகாமல் ஒப்பித்த கறுத்த சிறுமி ஒருத்தியின் முகத்தில் பவுடரை அப்பிப் பார்த்தார்கள். கழுத்து வேறு நிறமாய்த் தெரிகிறது என்று கூறி, அவளை ஆட்டுக்குட்டிகளின் பக்கம் நிறுத்திவிட்டார்கள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளும் அழவில்லை. வீட்டுக்குப் போனதும் நெடுநேரம் முகம் கழுவினாள் என்று பின்னர் அறிந்தோம்.

அந்தச் சிறுமி சங்க காலத்தில் பிறந்திருந்தால் அவள் நிறத்திற்கு ஒரு பெயர் இருந்திருக்கும்: மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவர். அகப்பாடல்களின் தலைவிக்கு அதுவே அழகு. தலைவன் பிரிந்தால் அவள் மேனியில் படர்கின்ற வெளிறிய நிறத்திற்குப் பசலை என்று பெயர். அதைப் பீர்க்கம்பூவுக்கு ஒப்பிட்டார்கள். வெளுப்பது அங்கே நோய். மாமை மீள்வதே நலம். வள்ளுவர் 119ஆம் அதிகாரம் முழுவதையும் இந்தப் பசப்பின் துயருக்கே தந்திருக்கிறார். மேனியில் தோன்றும் சுணங்கையும் புலவர்கள் அழகென்றே பாடினார்கள். இன்று அதற்குக் களிம்பு கேட்டு மருத்துவரிடம் போகிறோம்!

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தம் பயண நூலில் வியப்பான செய்தி ஒன்றைத் தருகிறார். இந்நாட்டார் கருமையை மிகவும் மதிக்கிறார்கள். குழந்தைகள் மேலும் கறுக்கட்டும் என்று வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள் என்கிறார். அயலாரின் கூற்றை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. எண்ணெய் தேய்த்ததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆயினும் பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கட்டும் என்று கருவுற்ற மகளுக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கும் நம் தாய்மார்கள் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

பழியை எல்லாம் ஆங்கிலேயர் தலையில் சுமத்திவிடுவது நமக்கு எளிது. அவர்கள் பங்கு பெரிதுதான். ஆனால் வெயிலில் வேலை செய்பவரைத் தாழ்வாகவும் நிழலில் இருப்பவரை மேலாகவும் காணும் வழக்கத்தை அவர்கள் கப்பலில் ஏற்றி வரவில்லை. விவிலியத்தின் இனிமைமிகு பாடலிலும் தலைவி, திராட்சைத் தோட்டக் காவலில் கதிரவன் தன்னைச் சுட்டதாகச் சொல்கிறாள். தன் கருமையையும் எழிலையும் அவள் சேர்த்துச் சொல்லும் இடத்தில், எபிரேய இணைப்புச்சொல்லுக்கு ‘உம்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘ஆனால்’ என்றும் கொள்ளலாம். எழுபதின்மரின் கிரேக்கப் பெயர்ப்பு ‘உம்’ என்று கொண்டது. புனித ஜெரோம் இலத்தீனில் ‘ஆனால்’ என்று பெயர்த்தார். மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் ஓதியது அவர் பெயர்ப்பையே. அந்த ஒரு சொல்லால் அவள் நிறம் மன்னிப்புக் கேட்பதாகிவிட்டது.

நம் ஊருக்குத் தொலைவில் இல்லாத செஞ்சிப் பக்கத்திலோ வேறொரு மரபு உயிரோடு இருக்கிறது. மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலை அவ்வழிபாட்டின் மூல இடமாகப் பலரும் போற்றுவர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூல், அந்த வழிபாட்டைச் செஞ்சியிலிருந்தே தொடங்கி ஆராய்கிறது. பாரதத்தில் திரௌபதியின் மற்றொரு பெயர் கிருஷ்ணை. கரியவள் என்பது பொருள். அரசர்கள் போட்டியிட்டு நாடிய பேரழகி அவள். சுற்றுக் கிராமங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்துக் கரியவளைக் கைகூப்பும் அதே மக்கள், விடிந்ததும் மருமகளுக்குச் சிவப்பு நிறம் தேடுகிறார்கள்.

இந்தத் தேட்டத்தை 1975இல் ஒரு குழாய்க்குள் அடைத்து விற்கத் தொடங்கியது இந்துஸ்தான் லீவர் நிறுவனம். அதன் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விளம்பரங்களில் சில, நிறம் மாறினால்தான் வேலையும் வாழ்வும் என்று பெண்களுக்குப் போதித்தன. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அவற்றை எதிர்த்துப் போராடியது. 2009இல் சென்னையில், கவிதா இம்மானுவேல் நிறுவிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘கருமையே அழகு’ என்ற கருத்தில் இயக்கம் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். கறுத்தவரை அழகற்றவராகவோ தோல்வியுற்றவராகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர ஆணையம் 2014இல் நெறி வகுத்தது. 2020இல் அப்பசையின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீங்கியது. பசை நீங்கவில்லை.

அந்த நாடகத்துச் சிறுமிக்கு வரன் பார்த்தபோது விவரத்தாள் எழுதித் தரும் வேலை நம்மிடம் வந்தது. நிறம் என்ற இடத்தில் ‘மாநிறம்’ என்று எழுதினோம். அவளுடைய தாயார் வாங்கிப் படித்துவிட்டு, “இதை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதக் கூடாதா?” என்று கேட்டார்.