அடித்தளத்தில் ஒலிக்கும் தந்தி

ஓர் இசைக்குழு மேடையேறும்போது அவையோரின் கண்கள் முதலில் பாடகரை நாடும். அடுத்துக் கிட்டார் வாசிப்பவரை நாடும். பேஸ் கிட்டார் வாசிப்பவரோ பெரும்பாலும் ஓரமாக நிற்பவர். நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட அக்கருவி, வழக்கமான கிட்டாரைக் காட்டிலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது. டிரம்மின் தாளத்தையும் கிட்டாரின் இசையோட்டத்தையும் ஒன்றோடொன்று பிணைப்பது அதன் பணி. தேரின் அச்சாணி எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் அது கழன்றால் தேர் நகராது. அத்தகைய ஓர் அச்சாணியாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய அமெரிக்க இசைக்கலைஞர் மைக் வாட். அவருடைய வாழ்க்கை, இசையின் வரலாறாக மட்டுமன்றி, நட்பின் வரலாறாகவும் உழைப்பின் வரலாறாகவும் அமைந்துள்ளது.

துறைமுகச் சிறுவன்

வாட், 1957ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்கக் கடற்படையில் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றியவர். அப்பணியின் பொருட்டுக் குடும்பம் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. சான் பெட்ரோ, 1909ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகருடன் இணைக்கப்பட்ட துறைமுக ஊராகும். மீனவரும் கப்பல் துறைத் தொழிலாளரும் கடற்படையினரும் வாழ்ந்த அவ்வூருக்கும் அருகிலிருந்த ஹாலிவுட்டின் பகட்டுக்கும் வெகுதூரம்.

அங்கிருந்த பூங்கா ஒன்றில் வாட் நடந்து சென்றபோது, மரத்தின்மேல் இருந்த ஒரு சிறுவன், தன் தோழன்தான் வருகிறான் என்று தவறாகக் கருதி, அவர்முன் குதித்தான். அவனே டென்னிஸ் டேல் பூன். பிற்காலத்தில் டி. பூன் என்று அறியப்பட்டவர். ஆள்மாறாட்டத்தில் தொடங்கிய அந்த அறிமுகம் இணைபிரியா நட்பாக முதிர்ந்தது.

பள்ளி விட்டபின் பிள்ளைகள் தெருவில் திரிந்து கெட்டுவிடக் கூடாதே என்ற தாய்மையின் கவலையால், பூனின் அன்னையார் இருவரையும் வீட்டுக்குள் இசை பயிலச் செய்தார். மகனுக்குக் கிட்டார் என்றும் வாட்டுக்குப் பேஸ் என்றும் பங்கிட்டுத் தந்தவரும் அவரே. வாட் அக்கருவியை அதற்குமுன் நெருங்கிப் பார்த்ததில்லை. படங்களில் நான்கு தந்திகள் தென்படுவதைக் கண்டு, சாதாரணக் கிட்டார் ஒன்றில் நான்கு தந்திகளை மட்டும் பூட்டி வாசித்துவந்தார். உண்மையான பேஸ் எவ்வளவு பெரியது, அதன் தந்திகள் எவ்வளவு தடித்தவை என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது.

சிக்கனத்தின் இசை

1980ஆம் ஆண்டு இந்நண்பர்கள் 'மினிட்மென்' என்னும் குழுவைத் தொடங்கினர். விரைவில் ஜார்ஜ் ஹர்லி டிரம் வாசிக்கச் சேர்ந்தார். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் துணையின்றிச் சிறு நிறுவனங்கள் வழியாகவும் கல்லூரி வானொலிகள் வழியாகவும் அக்காலத்தில் ஓர் இசை மரபு வளர்ந்துவந்தது. அதுவே பின்னாளில் மாற்று ராக் இசை எனப் பெயர் பெற்றது. அம்மரபின் முன்னோடிகளுள் மினிட்மென் குழுவினருக்குச் சிறப்பிடம் உண்டு. அவர்களுடைய முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற 7 பாடல்களும் சேர்ந்து 7 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

சிக்கனம் அவர்களுடைய தாரக மந்திரம். கருவிகளைத் தாங்களே சுமந்தனர். ஊர்தியைத் தாங்களே ஓட்டினர். கட்டணம் குறைந்த நள்ளிரவு வேளைகளில், முன்பே பயன்படுத்திய ஒலிநாடாக்களில் பாடல்களைப் பதிவு செய்தனர். இசைத்தட்டு என்பது மக்களை நிகழ்ச்சிக்கு அழைக்கும் துண்டறிக்கையே என்பது வாட்டின் கணக்கு. 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' என்னும் இரட்டை இசைத்தட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 1,100 டாலர் செலவிலேயே உருவாயிற்று. அதன் தலைப்பும் விளக்கத்திற்குரியது. நிக்கல் என்பது 5 காசு. இரண்டு ஐந்துகள் அடுத்தடுத்து நின்றால் 55. அதுவே அன்றைய அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேக வரம்பான 55 மைல். டைம் என்பது 10 காசு. அது 10ஆம் எண் நெடுஞ்சாலையைச் சுட்டும். வேகமுள் 55இல் நிற்க, வாட் வண்டி ஓட்டிச் செல்லும் காட்சியே அதன் அட்டைப்படம்.

அவர்களுடைய கொள்கை சொல்லில் மட்டும் நிற்கவில்லை, ஒலியிலும் வெளிப்பட்டது. ராக் இசையில் கிட்டாரே கோலோச்சுவது வழக்கம். பூன் தம் கிட்டாரின் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, மெல்லிய கூர்மையான ஒலியை மட்டும் எழுப்பினார். அதனால் ஏற்பட்ட வெளியில் பேஸும் டிரம்மும் தடையின்றி நடமாடின. மூவரும் சமம் என்னும் கோட்பாட்டை மேடையில் நிலைநாட்டிய முறை அது. நண்பர் மனமுவந்து விட்டுக்கொடுத்த இடத்தில்தான் வாட்டின் கலை தழைத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பிரிவும் மீட்சியும்

1985ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், அரிசோனா பாலைநிலத்தில் பூன் பயணம் செய்த ஊர்தி சாலையை விட்டு விலகியது. காய்ச்சலுற்று, இருக்கை வார் அணியாமல் பின்புறம் படுத்திருந்த அவர் தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27. வாட் தம் 28ஆம் வயதை நிறைவு செய்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. மினிட்மென் குழு அன்றோடு முடிவுற்றது. தமக்கு இடம் தந்த கிட்டார் ஓய்ந்தபின் பேஸுக்கு என்ன வேலை என்னும் வெறுமை வாட்டைச் சூழ்ந்தது. இசையையே அவர் கைவிடும் நிலை ஏற்பட்டது.

அந்நிலையில், ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எட் கிராஃபோர்டு என்னும் இளைஞர், வாட்டும் ஹர்லியும் புதிய கிட்டார் கலைஞரைத் தேடுவதாக எழுந்த பொய்ச் செய்தியை நம்பிச் சான் பெட்ரோவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய விடாமுயற்சி வாட்டின் உறுதியின்மையை வென்றது. 1986இல் 'ஃபயர்ஹோஸ்' குழு பிறந்தது. 1994 வரை இயங்கியது. தம் ஆல்பங்களை டி. பூனுக்குக் காணிக்கையாக்குவதை வாட் வழக்கமாகக் கொண்டார்.

அவருடைய செல்வாக்கு இளைய தலைமுறையினரிடம் ஆழப் பதிந்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழு, 1991இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற ஆல்பத்தை வாட்டுக்கே காணிக்கையாக்கியது. 1995இல் அவர் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தில் எடி வெடர், டேவ் குரோல் முதலிய புகழாளர் பலர் பங்கேற்றனர். 'பால்ஹாக் ஆர் டக்போட்?' என்னும் அதன் தலைப்பு ஒரு வினாவாகும். பந்தைப் பிறருக்குத் தராது தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரனா, பெருங்கப்பலைக் கரைசேர்க்கும் இழுவைப் படகா? பேஸ் வாசிப்பவரை நோக்கிய இவ்வினாவுக்கு வாட்டின் வாழ்வே விடையாயிற்று.

இயந்திர அறை

1997இல் வெளிவந்த 'காண்டெம்ப்ளேட்டிங் த எஞ்சின் ரூம்' அவருடைய படைப்புகளுள் தனித்தன்மை வாய்ந்தது. தந்தையாரின் கடற்படை வாழ்வையும் மினிட்மென் குழுவின் கதையையும் ஒரே நாளின் நிகழ்ச்சிகளாகப் பின்னிய இசைநாடகம் அது. கப்பலைச் செலுத்தும் இயந்திரம் மேல்தளத்தில் நிற்போருக்குத் தெரிவதில்லை. தந்தை கப்பலின் அடியில் உழைத்தார். மகன் இசையின் அடியில் உழைத்தார்.

2000ஆம் ஆண்டில் கடும் நோய்த்தொற்று அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டு சென்றது. பல வாரங்கள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது, விரல்கள் தம் பழைய ஆற்றலை இழந்திருந்தன. இளமையில் விரும்பிக் கேட்ட ஸ்டூஜஸ் குழுவின் பாடல்களை வாசித்து வாசித்து மீண்டும் பயின்றார். வியத்தகு முறையில், 2003இல் அதே ஸ்டூஜஸ் குழு மறுபடியும் ஒன்றுகூடியபோது பேஸ் வாசிக்கும் வாய்ப்பு அவரைத் தேடிவந்தது. தம் நோயின் துயரை, இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் 'தெய்விக நாடக'த்தின் மூவுலக அமைப்பைத் தழுவி 2004இல் ஓர் ஆல்பமாகவும் ஆக்கினார்.

பின்னர், 30 குறும்பாடல்களைக் கொண்ட 'ஹைஃபனேட்டட்-மேன்' என்னும் படைப்பு 2011இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்பாடல்களை வாட் பேஸில் இயற்றவில்லை; பூனின் கிட்டாரில் இயற்றினார். கால் நூற்றாண்டுக்கு முன் ஓய்ந்த நண்பரின் தந்திகள் அவர் விரல்களில் மீண்டும் பேசின.

முன்னணியில் நிற்போரைப் பாராட்டுவது உலக இயல்பு. பின்னின்று தாங்குவோரின் பெருமையை உணர்வதற்குச் செவிப்பயிற்சி வேண்டும், மனப்பயிற்சியும் வேண்டும். ஒருவர் தம் ஒலியைத் தணித்து மற்றவருக்கு இடமளித்தார். இடம்பெற்றவர் அந்த நன்றியை வாழ்நாள் முழுவதும் இசைத்தார். டி. பூன், மைக் வாட் ஆகிய இருவரின் வரலாறு மாணவர் உலகிற்கு உணர்த்தும் பாடம் இதுவே.