பெயரைத் தடுத்த ஆணை: ஆக்ஸிடாசினும் கார்பிடாசினும் கொங்கு நாட்டுப் பிரசவ அறையும்

பிரசவத்தில் இரத்தப்போக்கைத் தடுக்கத் தரும் ஆக்ஸிடாசின் குறித்து மத்திய அரசு 2018 ஏப்ரல் 27 அன்று வெளியிட்ட அறிவிப்பை, மாட்டைக் காக்கப்போய்த் தாயைக் கைவிட்ட ஆணை என்றே இதுவரை வந்த எழுத்துகள் பெரும்பாலும் வாசித்திருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது அந்த வாசிப்புக்கு வலு சேர்த்தது. அந்த எழுத்துகள் வந்தடைந்த முடிவு எனக்கும் உடன்பாடே; சொன்ன காரணம்தான் போதவில்லை. மருந்தைப் பெயரைக் கொண்டு மட்டும் அடையாளம் கண்டதே அறிவிப்பின் அடிப்படைக் கோளாறு என்பது என் துணிபு. அதன் நெருங்கிய உறவான கார்பிடாசினை அருகில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும்.

அறிவிப்பின் கட்டளைகளை வரிசையாகப் பார்ப்போம். உள்நாட்டுத் தேவைக்கான ஆக்ஸிடாசினைப் பொதுத்துறை நிறுவனங்கள் மட்டுமே தயாரிக்க வேண்டும். மருந்தின் ஒட்டுச்சீட்டில் பார்கோடு இருக்க வேண்டும். ஏற்றுமதிக்குத் தனியாரும் தயாரிக்கலாம். உள்நாட்டுத் தயாரிப்புக்கான மூலப்பொருள் பொதுத்துறைக்கு மட்டுமே போக வேண்டும். நடைமுறையில் நாடு முழுமைக்குமான பொறுப்பு பெங்களூரில் உள்ள கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. யார் தயாரிக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற இரண்டே கேள்விகள்தான் இந்தக் கட்டளைகள் அனைத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன. தயாரான மருந்து எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் வீரியத்தோடு இருக்கும் என்பது இவற்றின் கவலையே அல்ல.

ஆணைக்குத் தூண்டுகோல் கறவை மாடு. காங்கயம் பசு, கன்று ஊட்டினால்தான் பாலை இறக்கும். கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, தோல்கன்றாக மாட்டின் முகத்தருகே நிறுத்தி நக்கவிட்டுக் கறப்பது பழைய வழக்கம். கன்றை நக்கும்போதும் கன்று மடியை முட்டும்போதும் மாட்டின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஒன்பது அமினோ அமிலச் சங்கிலிதான் ஆக்ஸிடாசின். ஊசி அதே வேலையைக் கன்றில்லாமல் செய்துவிடுகிறது. இந்த ஊசியைத் தினமும் போடுவது மாட்டுக்கு இழைக்கும் கொடுமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடித்தால் சிறுமிகள் முன்கூட்டியே பூப்படைவார்கள் என்ற பேச்சு மட்டும் நிற்காது. வாய்வழி போகும் பெப்டைடு குடலிலேயே சிதைந்துவிடும்.

இனி கார்பிடாசின். ஆக்ஸிடாசினின் வளையத்தைப் பூட்டும் இரட்டைக் கந்தகப் பிணைப்பில் ஒரு கந்தகத்தை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்து, முனையிலுள்ள அமினோ தொகுதியை நீக்கி, டைரோசினில் ஒரு மெத்தில் சேர்த்தால் கார்பிடாசின். ஆக்ஸிடாசின் இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகக் குறைய, இதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகிறது. இதுவும் பாலை இறக்கும். ஐரோப்பாவில் கால்நடை மருந்தாகவே விற்கிறார்கள். ஆனாலும் 2018 அறிவிப்பு ஆக்ஸிடாசினோடு நின்றுவிட்டது. தடுக்க நினைத்தது பால் இறக்கும் செயலை என்றால், அதையே இன்னும் நீண்ட நேரம் செய்யக்கூடிய உறவை விட்டுவைத்தது ஏன்? அன்று இந்தியாவில் அதன் புழக்கம் குறைவு என்று பதில் வரலாம். ஒரு சட்டத்தின் தர்க்கத்தைச் சந்தை நிலவரத்தைக் காட்டிக் காப்பாற்ற முடியாது.

அதே 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய சோதனை வெளியானது. இந்தியா உட்பட 10 நாடுகளில் இயல்பான பிரசவமான 29,645 பெண்களிடம், வெப்பம் தாங்கும் கார்பிடாசினை ஆக்ஸிடாசினோடு ஒப்பிட்டார்கள். 500 மி.லி. அல்லது அதற்கு மேல் இரத்தம் போனவர்களும் கூடுதல் கருப்பைச் சுருக்க மருந்து தேவைப்பட்டவர்களும் கார்பிடாசின் பிரிவில் 14.5 விழுக்காடு, ஆக்ஸிடாசின் பிரிவில் 14.4 விழுக்காடு. 1,000 மி.லி. அளவில் எண்கள் நெருக்கமாக இருந்தாலும், கார்பிடாசின் ஆக்ஸிடாசினுக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. இதைக் கொண்டு ‘இரண்டும் ஒன்றே, மாற்ற வேண்டியதில்லை’ என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: சோதனையில் பயன்பட்ட ஆக்ஸிடாசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்கப்பட்டது. நல்ல ஆக்ஸிடாசினுக்குக் கார்பிடாசின் ஈடா என்ற கேள்விக்குத்தான் அது விடை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஈரோட்டிலிருந்து புறப்பட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தாளவாடிக்குப் போய்ச் சேரும் ஆம்பூலைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

கார்பிடாசினுக்கு மாறச் சொல்லும் எதிர்த் தரப்பும் இங்கே சறுக்குகிறது. வெப்பம் தாங்குவது கார்பிடாசின் மூலக்கூறின் குணம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். முதலில் சந்தைக்கு வந்த கார்பிடாசினுக்கும் குளிர்பெட்டி தேவைப்பட்டது. 30 டிகிரியில் மூன்றாண்டு நிற்பது பின்னர் மாற்றியமைத்த கலவை. ஆக, பெயரைக் கொண்டு தடுப்பது எவ்வளவு பிழையோ, பெயரைக் கொண்டு பரிந்துரைப்பதும் அவ்வளவு பிழையே.

கார்பிடாசின் இரத்தப்போக்கைத் தடுக்க மட்டுமே. வலி தூண்டவோ, தொடங்கிவிட்ட பெருக்கை நிறுத்தவோ அதற்கு அனுமதியில்லை. அதனால் எந்தப் பிரசவ அறையிலும் ஆக்ஸிடாசின் இருந்தே ஆக வேண்டும். விலைத் தடை அவ்வளவு பெரிதல்ல: ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் ஊசி சுமார் 0.31 டாலர் என்று உற்பத்தியாளர் உறுதியளித்திருக்கிறார்.

டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அங்கே எழ வேண்டிய கேள்வி, தனியாரா பொதுத்துறையா என்பதோடு நிற்கக் கூடாது. அதே 2019இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து, 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லும் ஒட்டுச்சீட்டுள்ள ஆக்ஸிடாசினையே வாங்குமாறு அறிவுறுத்தின. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்த ஒரு வரியைக் கொள்முதல் நிபந்தனையாக்கவும், குளிர்த்தொடருக்கு உத்தரவாதமில்லாத பர்கூர், தாளவாடி, வால்பாறை சுகாதார நிலையங்களுக்கு வெப்பம் தாங்கும் கார்பிடாசினைத் தனிப்பட்டியலில் சேர்க்கவும் எந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.