பரம்பும் பட்டறையும்: முக்கூடல் வயல்வெளியில் ஒரு கருவியின் வரலாறு

பொருநை பாயும் நாட்டில் உழவைப் பாடாத புலவர் அரியர். ஏரும் எருதும், நாற்றும் நடவும், அணையும் மடையும் பாட்டில் இடம்பெற்றன. கம்பர் பெயரால் வழங்கும் ஏர் எழுபது, மேழி, நுகம், கொழு எனக் கலப்பையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் போற்றுகிறது. ஆயின் உழுத வயலைச் சமன்செய்து நீரை நிறுத்திவைக்கும் பரம்பு என்னும் பலகைக்கு, ஏருக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கே கிடைத்தது. மண்ணைத் திறந்துவிடுவது ஏர். திறந்த மண்ணை நீர் நிற்கும் வயலாக்குவது பரம்பு. மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் வயலில், எத்துணை ஆழ உழுதாலும் பயிர் ஒருசீராக வருவதில்லை. எருதுகள் இழுத்த மரப்பலகை, சிறிய டிராக்டரின் பின்னால் ஓடும் இரும்புச் சட்டமாக மாறிய வரலாறு முக்கூடல் மண்ணோடு பிணைந்தது. தமிழ்க் கவிஞர்க்கு அஃது ஒரு கடமையையும் நினைவூட்டுகிறது.

சொல்லின் தொன்மை

வயலின் சேற்றைக் குத்திக் கலக்கும் கருவியொன்று சங்க காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. புறநானூற்றின் 61ஆம் பாட்டில் வரும் தளம்பு என்னும் சொல் அதனைக் குறிக்கும். பரம்பு என்பது பின்னர்ப் பெருவழக்காயிற்று. பரம்புதல் என்றால் பரவுதல். சேற்றைப் பரப்பும் பலகை பரம்பு எனப்பட்டது பொருத்தமே. பரம்படித்தல், மரமடித்தல், பலகையடித்தல் என ஊருக்கு ஊர் வழக்கு வேறுபட்டாலும் தொழில் ஒன்றே.

இரண்டு முக்கூடல்கள்

முக்கூடல் என்றவுடன் இலக்கிய அன்பர் நெஞ்சில் எழுவது முக்கூடற் பள்ளு. அந்நூல் பாடும் முக்கூடல், இன்று அப்பெயரால் வழங்கும் பேரூர் அன்று என்பதை இங்கே தெளிவுபடுத்துதல் நலம். தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் கலக்கும் சீவலப்பேரியே பள்ளின் முக்கூடல். இன்றைய முக்கூடல் அதற்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியில், அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ளது. ஊர்கள் இரண்டாயினும் ஆறு ஒன்று. கார், பிசானம் என்னும் இருபோகமும் ஒன்று. வயலில் இறங்கியவர்களின் உழைப்பும் ஒன்று.

பள்ளின் தலைவன் அழகக் குடும்பன். மூத்தவள் முக்கூடலாள், இளையவள் மருதூராள். ஆற்றில் வெள்ளம் வருகிறது, பண்ணைக்காரன் அதட்டுகிறான், குடும்பன் விதைக்கும் மாட்டுக்கும் கணக்குக் கூறுகிறான். நெல்லின் வகைகள், மாட்டின் வகைகள், உழவுக் கருவிகள் என வரிசை வரிசையாய்ப் பெயர்கள் வந்து விழுகின்றன. இவ்வரிசைகள் சிலர்க்குச் சலிப்பூட்டலாம். எனினும் மறைந்துபோன நெல்லினங்களைத் தேடுவோர்க்கு இன்று சான்றாய் நிற்பவை இவையே. சந்த இன்பத்துக்காகப் பாடிய புலவன், தன்னை அறியாமலே ஒரு வேளாண் பதிவேட்டை எழுதிவைத்தான் எனலாம்.

அதே வேளையில் இன்னோர் உண்மையையும் மறத்தலாகாது. நிலமும் நெல்லும் பண்ணைக்குரியவை. உழைப்பு மட்டுமே குடும்பனுக்குரியது. பள்ளு அவனைத் தலைவனாக்கியது. அவனை எள்ளி நகைக்கவும் செய்தது. குடும்பர், பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயரால் குறிக்க நாடாளுமன்றம் 2021இல் சட்டத்திருத்தம் செய்தது. நூற்றாண்டுகளாக வயலின் மட்டத்தைக் காலால் அறிந்தவர்களின் வழித்தோன்றல்கள், தாங்கள் எப்பெயரால் அறியப்படவேண்டும் என்று நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவு அது.

பலகைமேல் நின்றவன்

பரம்பு பார்வைக்கு எளிய கருவி. ஓர் ஆள் உயரத்தை விட நீண்ட மரப்பலகை. இரு முனைகளிலும் கயிறு. முன்னே ஓரிணை எருதுகள். பலகையின்மேல் நிற்கும் ஓர் ஆள். நுட்பம் முழுவதும் அந்த ஆளின் கால்களில் இருந்தது. மேடு வரும்போது அவன் எடையை முன்விளிம்பில் அழுத்துவான். பலகை சேற்றை வாரிக்கொள்ளும். பள்ளம் வரும்போது பின்னால் சாய்வான். வாரிய சேறு பலகைக்கு அடியில் நழுவிப் பள்ளத்தை நிரப்பும். முன்னால் சேறு மிகுதியாய்த் திரண்டால் கீழே இறங்கிப் பலகையைத் தூக்கிவிடுவான். அவனுக்கு ரசமட்டம் இல்லை. தேங்கிய நீரே மட்டம். நீருக்கு மேல் தலைகாட்டும் திட்டுகளைக் கண்டு, எங்கே எடுப்பது, எங்கே இடுவது என்று கணித்தான்.

இக்கணிப்பின் மதிப்பை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும். வயலின் ஒரு மூலை ஐந்து சென்டிமீட்டர் மேடாக இருந்தால், அந்த மூலை நனைவதற்காக ஏனைய பரப்பெல்லாம் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக நீரைத் தாங்கவேண்டும். ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் இவ்வாறு மிகையாய்ச் செலவாகும். பள்ளத்து நாற்று அழுகும். மேட்டில் களை மண்டும். கோடைமேலழகியான் அணையிலிருந்து மருதூர் அணை வரை பழைய அணைக்கட்டுகள் ஏழும், ஆங்கிலேயர் காலத்து ஸ்ரீவைகுண்டம் அணையும் நீரைத் திருப்பிக் கால்வாய்களில் விட்டன. மடை வரை வந்த அந்த நீரை வரப்புக்குள் சமமாகப் பங்கிட்டது பரம்பு. அணையைக் கட்டிய வேந்தனுக்குக் கல்வெட்டு உண்டு. பலகைமேல் நின்றவனுக்கு அதுவும் இல்லை.

டிராக்டரின் வருகை

அம்பாசமுத்திரத்தில் 1937இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கிருந்து ஏ.எஸ்.டி. என்னும் முன்னெழுத்துகளோடு புது நெல்லினங்கள் வெளிவந்தன. 1986இல் வந்த ஏ.எஸ்.டி. 16 உழவர் நாவில் நிலைத்த பெயராயிற்று. குட்டையான இந்நெற்பயிர்கள் ஆழ நீரைத் தாங்கா. ஆதலின் மட்டத்தின் தேவை முன்னிலும் மிகுந்தது. இதனிடையே எருதுகள் குறைந்தன. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி பெர்கூசன் டிராக்டர்களைச் செய்து விற்றது. அப்பெயரிலுள்ள பெர்கூசன், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன். கருவியைச் சங்கிலியால் இழுத்துச் செல்லாமல், மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, நெம்புகோலால் ஏற்றி இறக்கும் முறையை உருவாக்கியவர் அவர். போர்டு நிறுவனத்தோடு இணைந்து 1939இல் வெளியிட்ட டிராக்டரின் வழியே அது உலகெங்கும் பரவியது. பலகையை ஏற்றி இறக்கப் பரம்படித்தவன் கால்கள் செய்த பணியை இனி நெம்புகோல் செய்யலாம் என்னும் நிலை வந்தது.

ஆனால் வேலை அவ்வளவு எளிதில் கைமாறவில்லை. டிராக்டரின் பின்னால் ஒரு தகட்டை மட்டும் மாட்டி ஓட்டினால் வயல் சமமாவதற்கு மாறாக அலையலையாய் எழும். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்புறம் தாழ்ந்து தகடு மண்ணைத் தோண்டிவிடும்; பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது தகடு உயர்ந்து மண்ணை விட்டுவிடும். எந்த மேட்டை வெட்ட வந்ததோ, அதையே தகடு பின்னால் மறுபடியும் வரைந்துவிடுகிறது. பலகைமேல் நின்றவனின் கால்கள் அறிந்த ஒன்றை இரும்பு அறியவில்லை.

பட்டறை கண்ட விடை

இதற்கான விடைகளுள் ஒன்று, உழவரே பட்டறையில் செய்வித்துக்கொள்ளத்தக்க எளிய சட்டம். பதினெட்டு முதல் இருபத்தைந்து குதிரைத்திறன் உள்ள சிறிய டிராக்டருக்கு ஐந்தடி அகலம் போதும்; சக்கரத் தடத்தை அது மூடிச் செல்லவேண்டும். இரு பக்கமும் ஆறு, ஏழு அடி நீளத்தில் இரும்புச் சட்டங்கள். சறுக்குக் கட்டைபோல் இவை நிலத்தைத் தழுவி நகரும். இடையே சற்றுச் சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக இரு வெட்டுத் தகடுகள். அவற்றின் விளிம்பு சறுக்குச் சட்டத்தின் அடியை விட ஒரு விரற்கடை அளவே தாழ்ந்திருக்கும்.

கருவியின் உயிர் இந்தச் சறுக்குச் சட்டத்தின் நீளத்தில் உள்ளது. நீண்ட சட்டம் இரண்டு மேடுகளின்மேல் பாலம்போல் படிந்து, இடையிலுள்ள பள்ளத்தில் விழாமல் செல்லும். தகடுகள் மேட்டின் தலையை மட்டும் சீவும்; சீவிய மண் தகட்டின் முன் உருண்டு சென்று பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். டிராக்டரின் இணைப்பைத் தளர்வாக விட்டுவிட்டால், அதன் ஏற்ற இறக்கம் தகட்டைப் பெரிதும் தாக்காது. பரம்பு அடித்தவன் கால்களில் இருந்த அறிவு சட்டத்தின் நீளத்தில் குடியேறியது என்று கூறினால் மிகையாகாது.

செய்முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. பற்றவைக்குமுன் சட்டத்தை மூலைக்கு மூலை அளக்கவேண்டும். இரு மூலைவிட்டங்களும் ஒத்திருந்தாலன்றிச் சட்டம் கோணிக்கொண்டு ஒருபுறமாக இழுக்கும். பழைய லாரியின் வில்பட்டை வெட்டு விளிம்புக்கு ஏற்றது, தேய்மானம் தாங்கும். ஆனால் கரிச்சத்து மிகுந்த அந்த எஃகு பற்றவைத்த இடத்தில் நொறுங்கக்கூடும். எனவே அதனை மறை போல்ட்டுகளால் பொருத்திவிட்டால், தேய்ந்தபின் மாற்றவும் எளிது. எடை போதாவிடில் மேலே மணல் மூட்டைகளை ஏற்றலாம். ஒரு காலத்தில் மனிதன் நின்ற இடம் அது.

இச்சட்டம் கோடைக்கு உரியது. மண் பொலபொலவென்று உதிரும் பதத்தில் இருக்கும்போது ஓட்டவேண்டும். சேற்றுழவில் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டரின் பின்னால் இன்றும் நீண்ட பலகையே இழுபடுகிறது. அங்கே பரம்பு தன் பழைய உருவத்தை முற்றிலும் இழந்துவிடவில்லை.

2003-04இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் திருந்திய நெல் சாகுபடி உழவர் வயல்களில் சோதிக்கப்பட்டது. இரு வாரமே வளர்ந்த இளநாற்றை ஒற்றையாய் நட்டு, இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கே நீர் கட்டும் முறை அது. அத்தகைய வயலில் நான்கு விரற்கடைப் பள்ளம் கூட இளநாற்றுக்கு யமனாகும். லேசர் கதிரால் மட்டம் பார்க்கும் கருவிகளும் இந்நூற்றாண்டில் வந்துவிட்டன. அவற்றின் விலை பெரிது. சிறு வயல்களில் திரும்ப இடம் சிறிது. ஆகவே பட்டறைச் சட்டத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பெயரிடாமல் விட்டவை

கருவி மாறியதால் நன்மை மட்டுமே விளைந்தது எனல் பொருந்தாது. ஓரிணை எருதுக்கும் ஓர் ஆளுக்கும் பல நாள் கூலி தந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வெயிலில் சேற்றுப் பலகைமேல் நாள் முழுதும் நின்ற துன்பம் ஒழிந்தது நன்றே. ஆனால் அத்துன்பத்தோடு கூலியும் ஒழிந்தது. நிலமற்றவன் கையிலிருந்த தேர்ச்சி விலையற்றுப் போயிற்று. டிராக்டர் நிலமுடையவனுக்கோ வாடகைக்கு விடுபவனுக்கோ உரியது. பண்ணைக்காரன் மறைந்தும் பள்ளின் பழைய வினா மறையவில்லை: வயலைச் சமன்செய்தவனுக்கு அவ்வயலில் என்ன பங்கு?

இவ்வினாவைக் கேட்கவேண்டியவர்கள் கவிஞர்கள். பள்ளுப் புலவன் தன் காலத்து வயலில் இருந்தவற்றுக்கெல்லாம் பெயர் சொன்னான். அதனால் அக்காலம் நம்மோடு இன்றும் பேசுகிறது. நம் காலத்து வயலில் கூண்டுச் சக்கரமும் வில்பட்டை விளிம்பும் மணல் மூட்டையும் இருக்கின்றன. பற்றவைப்பவரின் கருங்கண்ணாடியும், வாடகை மணிக்கணக்கும், வரப்போரம் வேலைக்குக் காத்திருப்பவரும் இருக்கிறார்கள். புதுக்கவிதையில் கலப்பை இன்னும் எருதோடுதான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஏக்கத்தின் சின்னமாக. கண்முன் ஓடும் கருவி பாட்டுக்குள் நுழையாமல் வாயிலில் நிற்கிறது.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்க்கும் ஒரு வட்டத்துக்கு முக்கூடல் தரும் பாடம் இது. ஆற்றையும் அழகரையும் பாடிய மரபு, கருவியின் பெயரையும் கூலியின் கணக்கையும் பாடிய மரபும் ஆகும். அம்மரபைத் தொடர விரும்புவோர் ஒரு கோடைக் காலையில் பட்டறைக்கும் வயலுக்கும் சென்று, அங்கே வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவருவார்களாக. பரம்பு என்னும் சொல் அகராதியில் மட்டுமே எஞ்சும் நாள் வருமுன் அப்பணி நிறைவேறுதல் வேண்டும்.