தொப்பிக்காரர்கள் உள்ளே வரக்கூடாது

பேச்சிலரா வாடகைக்கு வீடு தேடி அலைஞ்ச அனுபவம் உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு தெரியல. எனக்கு நிறையவே இருக்கு. வீட்டுக்காரர் சிரிச்சுப் பேசுவார், அட்வான்ஸ் எவ்வளவுன்னு சொல்வார், தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு கூட சொல்வார். கடைசியா "ஃபேமிலி எப்ப வர்றாங்க?"ன்னு ஒரு கேள்வி. அவ்ளோதான், கதை முடிஞ்சது. ஒரு தடவை அட்வான்ஸ் கொடுத்து ரெண்டு நாள் கழிச்சு, "பக்கத்து வீட்டுக்காரங்க ஒத்துக்கலை தம்பி"ன்னு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க.

அந்தக் கடுப்போட இருந்தப்பதான் ஒரு பழைய புத்தகத்துல அதே சம்பவத்தைப் படிச்சேன். ஊர் கெய்ரோ. காலம் 1820கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கினவர் ஒரு இங்கிலீஷ்காரர். இந்த மாதிரி அவமானத்துக்கெல்லாம் கூட ஒரு வரலாறு இருக்குன்னு தெரிஞ்சதும் மனசுக்கு ஒரு ஆறுதல் :-)

அவர் பேர் எட்வர்ட் வில்லியம் லேன். 1801ல பிறந்தவர். லண்டன்ல தகட்டுல படம் செதுக்கும் தொழில் கத்துக்கிட்டவர். உடம்பு அடிக்கடி படுத்தும். அரபு மொழி மேலயும் எகிப்து மேலயும் ஒரு தீராத பித்து. 1825ல கப்பலேறி அலெக்சாண்டிரியாவுல இறங்கி, அங்கிருந்து கெய்ரோ போய்ச் சேர்ந்தார். அப்போ எகிப்தை ஆண்டவர் முகமது அலி பாஷா. பேருக்கு உஸ்மானிய சுல்தானுக்குக் கீழே, உண்மையில தனி ராஜா.

கெய்ரோவுல ஐரோப்பியர்கள் இல்லாமல் இல்லை. அவங்களை 'ஃபிராங்க்'னு சொல்வாங்க. நம்ம ஊர் 'பரங்கி'யும் இந்தச் சொல்லோட பேரன்தான். பரங்கிகள் பெரும்பாலும் தங்களுக்குன்னு ஒரு பகுதியில, தலையில தொப்பியோட, தனியா இருந்தாங்க. லேனுக்கு அது பிடிக்கலை. துருக்கியர் மாதிரி உடுத்தினார், தலைப்பாகை கட்டினார், பேரையும் மன்சூர் எஃபெந்தின்னு வெச்சுக்கிட்டார். மதுவும் பன்றிக் கறியும் தொடலை. கையால சாப்பிடக் கத்துக்கிட்டதையும் இதே வரிசையில சொல்றார். நமக்கு அதுல என்ன பெரிய விஷயம்னு தோணும், அவருக்கு அது ஒரு சாதனை!

எகிப்தியர் வேஷம் போடாம ஏன் துருக்கியர் வேஷம்? நல்ல கணக்குதான். ஆளும் கூட்டம் துருக்கி பேசுற கூட்டம். துருக்கியன் மாதிரி உடுத்தினா தெருவுல ஒரு மரியாதை. அரபுல உச்சரிப்பு கொஞ்சம் தப்பினாலும் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வருவோம். அன்றைய கெய்ரோ 'ஹாரா'ன்னு சொல்ற சின்னச் சின்னக் குடியிருப்புகளா பிரிஞ்சிருந்தது. ஒவ்வொரு ஹாராவுக்கும் ஒரு ஷேக், அதாவது தலைவர். தெரு முனையில மரக் கதவு. ராத்திரியானா அதைச் சாத்திடுவாங்க, காவலுக்கு ஆள் இருக்கும். உள்ளே இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சவங்க. மாடி ஜன்னல்களுக்கு மரச் சல்லடை, பெண்கள் உள்ளேயிருந்து வெளியே பார்க்கலாம், வெளியே இருக்கிறவன் உள்ளே பார்க்க முடியாது. மொத்தத்துல பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரி. அங்கே தனிக்கட்டை ஆம்பளைன்னா எல்லாருக்கும் சந்தேகம். சொந்தக்காரர் வீடு இல்லாத பிரம்மச்சாரி, வியாபாரிகள் சரக்கு வைக்கிற 'வகாலா'ங்கிற சத்திரம் மாதிரியான கட்டடத்துலதான் தங்கணும். நம்ம ஊர் மேன்ஷன்னு வெச்சுக்குங்களேன்.

லேன் முதல் தடவை கெய்ரோவுல இருந்தப்ப, பெரிய தெருவுல இருந்த வீட்டை விட்டுட்டு பக்கத்து ஹாராவுல ஒரு வீடு பேசினார். ஒப்பந்தம் எழுதியாச்சு, முன்பணமும் கொடுத்தாச்சு. ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்காரரோட ஆள் வந்து நிக்கிறார். அந்த ஹாராவுல இருக்கிறவங்க பெரும்பாலும் நபி வம்சத்தவங்க, கல்யாணம் ஆகாதவரைச் சேர்த்துக்க மாட்டோம்னு சொல்றாங்களாம். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஒரு அடிமைப் பெண்ணையாவது விலைக்கு வாங்கிட்டா போதும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு! லேன் மறுத்துட்டார். நான் கொஞ்ச காலம் தங்கிப் போறவன், சீக்கிரமே விட்டுட்டுப் போக வேண்டிய ஒருத்தியை ஏன் கூட்டிட்டு வரணும்னு பதில் சொன்னாராம். பணம் வாபஸ்.

இன்னொரு ஹாராவுல இடம் கிடைச்சது. அங்கே ஒரே ஒரு நிபந்தனைதான். தொப்பி போட்ட எவரும் அவரைப் பார்க்க அந்தத் தெருவுக்குள்ள வரக்கூடாது.

இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். தொப்பி போட்டவன்னா பரங்கி. அப்படின்னா, மன்சூர் எஃபெந்தி யாருன்னு அந்தத் தெருவுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு! இவர் பாட்டுக்கு தலைப்பாகை கட்டி எல்லாரையும் நம்ப வெச்சுட்டதா நாம நினைச்சா, தெரு தெரிஞ்சுக்கிட்டே ஒரு உடன்படிக்கை போட்டிருக்கு. 'நீ யாரா வேணா இரு. ஆனா எங்க தெருவுக்குள்ள எங்க முறைப்படி இரு.' வேஷம்னு நாம நினைச்சது வாடகை ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து போலத்தான் இருக்கு.

அதோட விட்டாங்களா? அந்த ஹாராவோட ஷேக் வர்றப்பல்லாம் கல்யாணப் பேச்சுதான். ரெண்டு மூணு வீடு தள்ளி ஒரு இளம் விதவை இருக்கா, நீ ஊருக்குப் போறப்ப விவாகரத்து பண்ணிடலாம், அதுக்கும் அவள் சம்மதிப்பாள்னு சொல்லியிருக்கார். அந்தப் பெண்ணும் அப்பப்ப முகம் தெரியுற மாதிரி நின்னதா லேன் எழுதறார். அப்படி ஒருத்தியைக் கட்டிக்கிட்டா அப்புறம் பிரிய மனசு வராது, அதனாலதான் வேண்டாம்னு நைசா நழுவிட்டார்.

1828ல ஊர் திரும்பினார். அப்புறம் 1833லேர்ந்து 1835 வரைக்கும் மறுபடியும் கெய்ரோ. 1836ல அந்தப் புகழ்பெற்ற புத்தகம் வந்தது, இன்றைய எகிப்தியர்களோட பழக்க வழக்கங்கள் பத்தி. சோறு, துணி, கல்யாணம், சாவு, பேய், மந்திரம், வியாபாரம் எல்லாம் ஒண்ணு விடாம இருக்கு. முன்னுரையில ஷேக் அகமதுன்னு ஒரு புத்தக வியாபாரி வர்றார். தினம் வந்து காப்பி குடிச்சு, புகை பிடிச்சு, அரட்டை அடிச்ச நண்பர். ஒரு காலத்துல உயிர்ப் பாம்பைத் தின்னவர், அப்புறம் கண்ணாடி தின்னவர்! நண்பனை இப்படிக் காட்சிப் பொருளா ஆக்கிட்டாரேன்னு படிக்கிறப்ப எனக்கு உறுத்திச்சு. 1978ல எட்வர்ட் செய்த் தன்னோட 'ஓரியண்டலிசம்' புத்தகத்துல லேனை இதுக்குத்தான் பிடிபிடின்னு பிடிச்சார். கூடவே இருந்து, கூட சேராம, பார்வையாளனாவே நின்னு குறிப்பெடுத்த ஆள்னு அவரோட வாதம். கல்யாணம் வேண்டாம்னதையும் அதுக்குச் சாட்சியா எடுத்துக்கிட்டார்.

ஆனா புத்தகத்துல லேன் சொல்லாம விட்ட ஒரு விஷயம் இருக்கு. 1828ல அவர் இங்கிலாந்து திரும்பினப்ப கூட ஒரு சின்னப் பொண்ணும் போனாள். நஃபீசான்னு பேர். கிரேக்கப் பெண். கிரேக்க விடுதலைப் போர் சமயத்துல பிடிபட்டு அடிமையா கெய்ரோ வந்து சேர்ந்தவள். லேன் குடும்பத்துல வளர்ந்தாள். 1840ல லேன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். விட்டுட்டுப் போக வேண்டியிருக்கும், அதனால அடிமைப் பெண் வேண்டாம்னு சொன்ன கதையை எழுதறப்ப, நஃபீசா இங்கிலாந்துல இருந்தாள். அவளைப் பத்தி ஒரு வரி கிடையாது. ஊரெல்லாம் எப்படிக் கல்யாணம் பண்றாங்கன்னு பக்கம் பக்கமா எழுதின மனுஷன்!

1842ல லேன் மூணாவது தடவை கெய்ரோ போனார். இந்த முறை மனைவி நஃபீசா, தங்கை சோஃபியா, தங்கையோட ரெண்டு பையன்கள். அதாவது, ஃபேமிலியோட :-) ஏழு வருஷம் இருந்தார். வேடிக்கை என்னன்னா இப்பதான் அவர் ஊரோட பழகுறதைக் குறைச்சுக்கிட்டார். ஊரைப் பத்தி எழுதினது தங்கச்சிதான். ஆண்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்கும் பெண்கள் குளிக்கிற ஹம்மாம்களுக்கும் சோஃபியா போனார், பார்த்ததைப் புத்தகமாவும் போட்டார். லேன் கதவைச் சாத்திக்கிட்டு அரபு-ஆங்கில அகராதி வேலையில உட்கார்ந்துட்டார். பக்கத்துல உதவிக்கு ஷேக் இப்ராஹிம் அல்-தசூக்கி. ரெண்டு பேரும் கையெழுத்துப் பிரதிகளைப் படிச்சு, ஒப்பிட்டு, திருத்தி... வருஷக் கணக்கா இதுதான் வேலை.

அவங்க அப்படி உட்கார்ந்து படிச்ச முக்கியமான நூல் எது தெரியுமா? 'தாஜ் அல்-அரூஸ்'. பிரம்மாண்டமான அரபு அகராதி. அதை எழுதினவர் முர்தளா அல்-ஸபீதி. அவர் பிறந்தது 1732ல, நம்ம இந்தியாவுல, இன்னைக்கு உத்தரப் பிரதேசத்துல இருக்கிற பில்கிராம்ல!

ஏமன்ல ஸபீத் ஊர்ல படிச்சதால அந்தப் பேர். இருபத்தொண்ணு வயசு வாக்குல கெய்ரோ வந்தார். அவரும் வெளியூர்க்காரர்தான். ஆனா அவர் மறைச்சுக்கலை. அவரோட மாணவர், வரலாற்றாசிரியர் அல்-ஜபர்தி எழுதறதைப் பாருங்க. உள்ளூர் அறிஞர்கள் மாதிரி இல்லாம தோற்றமே வேற மாதிரி இருந்தது, துருக்கியும் பாரசீகமும் தெரிஞ்சிருந்தது, அந்நியரா இருந்தார், அதனாலயே ஜனங்க அவர்கிட்ட ஈர்க்கப்பட்டாங்களாம். யார் வந்தாலும் பேர், ஊர், பக்கத்து வீட்டுக்காரர் யாருன்னு விசாரிச்சு வெச்சுக்குவார். அடுத்து அதே ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்தா அவங்களைப் பேர் சொல்லி நலம் விசாரிப்பார். வந்தவர் மிரண்டு போயிடுவார். அந்தக் காலத்து டேட்டாபேஸ்! மக்ரிப் பக்கத்து ஹஜ் பயணிகள் அவரைப் பார்க்காம போனா ஹஜ்ஜே முழுமையாகலைன்னு நினைச்சாங்களாம்.

அகராதி 1774ல முடிஞ்சது. 1782 வாக்குல மனைவி ஸுபைதா இறந்தப்ப ஸபீதி உடைஞ்சு போனார். அவள் கல்லறைப் பக்கமே கிடந்தார், இரங்கல் கவிதைகள் எழுதினார். பிற்பாடு அவரும் கதவைச் சாத்திக்கிட்டார், வந்த பரிசுகளைக் கூட வாங்கலை. 1791 கொள்ளைநோயில போனார். நோய் கண்ட ராத்திரியே பேச்சு நின்னுபோச்சாம். வாழ்நாள் பூரா சொல் சேர்த்த மனுஷனுக்கு!

ஒரே ஊர். ரெண்டு வெளியூர்க்காரர்கள். ரெண்டு பேரையும் அந்த ஊர் சேர்த்துக்கிச்சு. ஆனா ஷேக் திரும்பத் திரும்பக் கேட்டது 'நீ எந்த ஊர்?'ங்கிற கேள்வி இல்லைன்னு இப்பத் தோணுது. 'நீ போனா இங்கே எதை விட்டுட்டுப் போவே?'ங்கிறதுதான். இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவனை ஊர் நம்பாது. ஒரு வீடு, ஒரு உறவு, ஒரு கல்லறை... ஏதோ ஒண்ணு ஜாமீனா வேணும். ஸபீதிகிட்ட எல்லாமே இருந்தது. லேன் எதையும் இங்கே விட்டுடக் கூடாதுன்னு ஜாக்கிரதையா இருந்தார். கடைசியில அவரும் கொடுத்தார், வேற மாதிரி. 1849க்கு அப்புறம் அவர் எகிப்துக்குத் திரும்பலை. மிச்ச 27 வருஷமும் அந்த அகராதிக்கே போச்சு. முதல் பாகம் 1863ல வந்தது. 1876ல சாகறப்ப 'காஃப்' எழுத்து வரைக்கும்தான் வந்திருந்தார். மிச்சத்தை அவர் தங்கை பேரன் 1893ல முடிச்சார், மொத்தம் எட்டு பாகம். அரபு படிக்கிறவங்க இன்னைக்கும் அதைப் புரட்டறாங்க. புரட்டற ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாடி பில்கிராம்காரர் இருக்கார்.

நஃபீசாவை மட்டும் யாரும் எதுவும் கேட்கலை. அவள் எந்தத் தெருவையும் தேர்ந்தெடுக்கலை, எந்த நிபந்தனைக்கும் சம்மதிக்கலை. கெய்ரோவுல ஒரு தடவை, இங்கிலாந்துல ஒரு தடவை, ரெண்டு ஊர்லயும் அந்நியமா வாழ்ந்தவள் அவள்தான். அவள் ஒரு புத்தகம் எழுதியிருந்தா, மத்ததை எல்லாம் ஓரமா வெச்சுட்டு அதைத்தான் முதல்ல படிச்சிருப்பேன்.

பி.கு: எனக்கு வீடு கிடைச்சிடுச்சு. நிபந்தனை: நண்பர்கள் ராத்திரி தங்கக்கூடாது. தொப்பி பத்தி ஒண்ணும் சொல்லலை :-)