சூலை தள்ளாத புறப்பாடு



திருநாவுக்கரசு சுவாமிகள் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலே தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கியதையும், கொடிய சூலைநோயால் வருந்தி, இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கையார் திலகவதியாரை நாடிச் சென்றதையும் நீங்கள் பலகாற் கேட்டிருக்கிறீர்கள். அங்கே சூலை வந்து தள்ளிற்று. தள்ளுவதற்கு ஒரு நோயும் இல்லாதபோது, ஊதியமும் மதிப்பும் தந்த இடத்தை விட்டு ஒருவர் தாமே எழுந்து வருவது எத்துணை அரிது! அவ்வாறு வந்த ஒருவரின் வரலாற்றையே இன்று சிந்திக்கப் புகுகின்றோம். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான்.

1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிலே நல்லூரில் கந்தப்பிள்ளையின் மகனாராகத் தோன்றிய நாவலர், தமிழ் கற்றபின், ஆங்கிலம் பயிலும் பொருட்டு வெஸ்லியன் மிஷன் பாடசாலையை அடைந்தார். அதனை நடத்திய பேர்சிவல் பாதிரியார் இவருடைய புலமையை அறிந்து, இருபது வயதும் நிரம்பாத அவரை அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழாக்கும் பெரும்பணியிலும் இவரைத் துணையாகக் கொண்டார். பாதிரியாரைப் பற்றி நாம் குறைவாக ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. அவர் தமிழை நேசித்தவர். இவரிடம் பேரன்பு வைத்தவர். ஆதலினாற்றான் அவ்விடத்தை விட்டு நீங்குவது அரிதாயிற்று. வெறுப்புள்ள இடத்தை உதறுவது எளிது. அன்புள்ள இடத்தை எவ்வாறு உதறுவது?

ஆயினும் நாவலர் உள்ளம் அங்கே நிறையவில்லை. பகலெல்லாம் பிற சமய நூலுக்குத் தமிழ் திருத்திக் கொடுத்தவர், தம் ஊர்ச் சிறுவர் சைவம் இன்னதென அறியாமல் வளர்வதைக் கண்டு நைந்தார். சைவச் சிறுவருக்கும் அக்காலத்தில் ஆங்கிலக் கல்விக்கு வழி மிஷன் பாடசாலைகளே. பாடநூல் வேண்டுமென்றாலோ, சைவர் கையில் ஓர் அச்சுக்கூடமும் இல்லை.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் முதன்முதலாகச் சைவப் பிரசங்கம் செய்தார். மிஷன் பாடசாலையின் ஊழியராக இருந்துகொண்டே செய்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. இரண்டு தோணிகளிற் கால் வைத்து நெடுந்தூரம் செல்ல முடியுமா? 1848ஆம் ஆண்டிலே அவர் உத்தியோகத்தைத் துறந்தார். பேர்சிவல் பாதிரியார் ஊதியத்தை உயர்த்தித் தருவதாகக் கூறித் தடுத்தும் இணங்கவில்லை என்பர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இல்லறத்தையும் அவர் ஏற்கவில்லை.

கையிற் பொருளில்லை; கற்பிக்கும் ஆற்றலும் சிவபெருமான் திருவடியில் வைத்த உறுதியுமே இருந்தன. அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அடுத்த ஆண்டு, 1849இல், தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் கடல் கடந்து தமிழகம் வந்தார். திருவாவடுதுறை ஆதீனத்திலே அவரது சொல்வன்மையைக் கேட்டு மகிழ்ந்து 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கினர். பட்டத்தினும் பயன் தந்தது, அப்பயணத்தில் அவர் வாங்கிச் சென்ற அச்சியந்திரம் என்பதே அடியேன் கருத்து. பட்டம் ஒருவருக்கு அணி; அச்சியந்திரமோ ஆயிரம் வீட்டுக்கு ஏடு.

அவ்வியந்திரத்திலிருந்து பாலபாடங்கள் வந்தன. சேக்கிழார் பெருமான் பாடிய அடியார் வரலாறு எளிய வசனமாகி, எழுத்தறிந்த எவரும் படிக்கும் நூலாயிற்று. ஒன்றை இங்கே மறைத்தல் ஆகாது. பாட வரிசை அமைத்தல், மேடையேறிப் பேசுதல், பிழையின்றி அச்சிடுதல் ஆகிய இவற்றின் பயனையெல்லாம் அவர் கண்கூடாகக் கண்டது மிஷன் பாடசாலையிலேதான். விட்டு வந்த இடத்திற் பெற்றதையும் எறிந்துவிடாமல், சென்ற இடத்துக்குக் கொண்டுபோனார். தருமசேனராயிருந்து கற்ற கல்வியோடு தானே நாவுக்கரசரும் அதிகை வந்தார்?

பணம் என்றும் தட்டுப்பாடே. பள்ளியை நடத்தவும் ஏடுகளை அச்சேற்றவும் அன்பர்களிடம் பொருள் வேண்டி அவர் எழுதிய விண்ணப்பங்கள் பல. கொடுத்தாரும் உண்டு, இகழ்ந்தாரும் உண்டு. அவர் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பவில்லை. 1864ஆம் ஆண்டிலே, ஆனந்தக் கூத்தன் ஆடும் தில்லைச் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் வண்ணார்பண்ணையில் வைத்த அதே பெயரையே அதற்கும் இட்டார்.