மடுல்சீமையிற் கண்ட துரு

நாடுகளின் வரலாற்றை மன்னரும் படைகளுமே ஆக்கினர் என்று கருதுவார் பலர். ஊவாத் தோட்டங்களில் வாழும் நம் மக்களின் வரலாற்றையோ நுண்ணிய பங்கசு ஒன்று பெரிதும் மாற்றியமைத்தது.

1869 ஆம் ஆண்டில், பதுளைக்கு அப்பாலுள்ள மடுல்சீமையிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொட்டுக்கள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத் தலைவர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் அப்பங்கசுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். 'வஸ்டாட்ரிக்ஸ்' என்பது பாழாக்குவது எனப் பொருள்படும். நோயின் பெயர் தெரிந்தது. அது பரவும் வழி தெரியவில்லை. தோட்டத்துரைமாருட் பலர் மழையையும் மண்ணையுமே நொந்தனர்.

1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் ஈராண்டுகள் நுணுக்குக்காட்டியுடன் உழைத்தார். காற்றிலே பரவும் வித்திகள் ஈரம்பட்ட இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, கலங்களிலிருந்து உணவை உறிஞ்சுதலை அவர் தெளிவுறக் காட்டினார். பொட்டுத் தோன்றுமுன்பே உள்ளே கேடு விளைந்திருந்தது என்பதே அவர் கண்ட உண்மை.

ஆயினும், அதற்குள் காலங் கடந்துவிட்டது. தோட்டங்கள் வீழ்ந்தன, கோப்பி நின்ற சரிவுகளிலே தேயிலை எழுந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து மீண்டோரே முன்னர்ப் பெரும்பாலார். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதுங் கொய்யப்படுவது. ஆதலின் நம் முன்னோர் லயங்களில் நிலைகொள்ளலாயினர்.

இன்று, இடருற்ற கலம் தன் கூறுகளையே சிதைத்துப் பயன்கொள்ளும் 'தன்னுண்ணல்' என்னுஞ் செயலை அறிவோம். மதுவத்தில் அதனை ஆராய்ந்த யப்பானியர் ஓசுமி 2016 இல் நோபல் பரிசு பெற்றார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928 இற் கண்ட ஒளிச்சிதறல் மூலக்கூறுகளை இனங்காண உதவுகின்றது. அம்மெல்லிய ஒளியைப் பொன், வெள்ளி ஆகியவற்றின் நனோத் துகள்கள் பன்மடங்கு பெருக்குகின்றன. புறக்குறி தோன்றுமுன்பே பயிர்க்கலத்தின் இடரை உணர்தற்கு இவ்வழியில் ஆராய்ச்சிகள் நிகழ்கின்றன.

வார்ட் கண்டது கோப்பியைக் காக்கவில்லை. காலத்தாற் கண்டிருப்பின் மலைநாட்டின் கதையே வேறாயிருக்கலாம். கொழுந்து கொய்வாரின் மக்கள் அக்கொழுந்தின் கலத்தையும் ஆராய முற்படுவாராக. அடுத்த துருவை முதலிற் காணுங் கண் அவர்களுடையதாகுக.