கிருமி

கண்ணுக்குப் புலப்படாது நின்று நோய் விளைக்கும் நுண்ணுயிரையே இன்று நாம் கிருமி என்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பூர்வீக அர்த்தம் புழு என்பதே. ‘க்ரிமி’ என்னும் வடசொல், சொல்லின் முதலில் மெய்கள் இணைந்து நிற்க இடந்தராத தமிழ் மரபுக்கு இணங்க, இடையே ஓர் இகரம் பெற்றுக் ‘கிருமி’ ஆயிற்று. பாரசீகத்தில் புழுவைச் சுட்டும் ‘கிர்ம்’ என்பதும் இதற்கு உறவான சொல்லே. ஸ்ரீராமாநுஜருக்கு இடர் விளைத்தவனாக வைஷ்ணவ குருபரம்பரை நூல்கள் கூறும் சோழ மன்னன், கண்டத்தில் புண்ணுண்டாகிப் புழுத்தமையால் ‘கிருமிகண்ட சோழன்’ எனப்பட்டான் என்னும் ஐதிகத்திலும் அப்பழம்பொருளே விளங்குகிறது.

எனினும் காணப்படாத கிருமி என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. அதர்வ வேதம் காணப்படும் கிருமி, காணப்படாத கிருமி என இரண்டையும் கூறுகிறது. இருபது வகைக் கிருமிகளை வகுத்த சரக சம்ஹிதையோ, இரத்தத்தில் உறைவனவற்றுட் சில அதிசூட்சுமமானவை ஆதலின் கட்புலனாகா என்கிறது. அது அனுமானமேயன்றிப் பிரத்தியட்சம் அன்று. 1882-இல் ராபர்ட் காக் க்ஷயரோகத்தின் காரணத்தை நுண்பெருக்கியில் கண்டு நிறுவியது போன்ற ஆராய்ச்சிகள் தமிழில் எழுதப்பட்டபோது, ‘முளை’ என்னும் பொருளுடைய லத்தீன் மூலத்தினின்று பிறந்த ‘ஜெர்ம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நின்றது இப்பழஞ்சொல்லே. இரண்டும் ஒலியால் ஒத்தனவேனும் பிறப்பால் வேறானவை.

பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரை நாம் கிருமி என்பதில்லை. தீங்கு செய்வதற்கே அப்பெயரை ஒதுக்கிய நம் மொழியின் விவேகம் போற்றத்தக்கது.